முடிவுக்காகக் காத்திருக்கும் வேளையில் கைப்பேசி விளையாட்டு: உறுப்பினர்களின் அனுபவங்கள்

வேலூர் தோட்டப்பாளையத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தாயாரின் கழுத்தில் தோன்றிய கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை எங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோட்டு விடுதிகளில் தங்கியிருப்பவர்களைப் பார்க்கையில், நடந்தே வீட்டுக்குப் போய்விடக்கூடிய நமக்கு என்ன குறை என்று அறிவு சொல்லும், நெஞ்சு கேட்காது.

அப்போது என் தங்கை தன் கைப்பேசியில் டெட்ரிஸைத் திறந்து கொடுத்தாள். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய பழைய விளையாட்டுதான். மேலிருந்து இறங்கும் துண்டுகளைத் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும். போகப்போக வேகம் கூடும். தொடக்க நிலையில் விரல்கள் விளையாடின, மனம் பரிசோதனைக்கூடத்திலேயே நின்றது. வேகம் ஓரளவு கூடிய பின்னர்தான், அடுத்த துண்டை எங்கே இறக்குவது என்பதைத் தவிர வேறெதற்கும் தலையில் இடமில்லாமல் போயிற்று. மிக வேகமான நிலையிலோ எரிச்சல்தான் மிஞ்சியது.

பின்னர் தேடிப் படித்தபோது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனியும் உடன் ஆய்வாளர்களும் இதே விளையாட்டை வைத்துச் செய்த ஆய்வு கண்ணில் பட்டது. உங்கள் தோற்றத்தை மற்றவர்கள் மதிப்பிடப் போகிறார்கள் என்று பங்கேற்றவர்களிடம் சொல்லிக் காத்திருக்க வைத்துவிட்டு, சிலருக்கு மிக எளிய டெட்ரிஸையும், சிலருக்கு மிகக் கடினமானதையும், மற்றவர்களுக்கு அவரவர் திறமைக்கேற்ப வேகம் மாறும் வடிவத்தையும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகையினரே விளையாட்டில் அதிகம் ஆழ்ந்தார்கள். காத்திருப்பும் அவர்களுக்குச் சற்று எளிதாக இருந்தது. கவலை நீங்கிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை; நானும் சொல்ல மாட்டேன்.

ஆரணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்:

என் பேரனுக்கு டான்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், கைப்பேசியை அவனிடமிருந்து வாங்க வேண்டாம் என்று தாமாகவே சொன்னார். அவன் இதுவரை விளையாடியிராத ஒன்றை அன்றைக்கென்றே வைத்திருங்கள் என்றும் சொல்லியிருந்தார். கார்ப் பந்தயம் ஒன்றை ஏற்றி வைத்திருந்தோம். முந்தானையை விடாமல் அழுதுகொண்டிருந்த பிள்ளை, மயக்க மருந்து முகமூடியை வைக்கும்வரை திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை என்று உடன் சென்ற என் மகள் சொன்னாள். நியூ ஜெர்சியில் அனுராதா படேலும் சக மருத்துவர்களும் 4 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்விலும், பெற்றோர் உடனிருப்பதோடு கையடக்க வீடியோ கேமும் கிடைத்த குழந்தைகளுக்கு முகமூடி வைக்கும் நேரத்துப் பதற்றம் பெற்றோர் மட்டும் உடனிருந்த குழந்தைகளைவிடக் குறைவாகவே ஏறியிருக்கிறது. என் கணவர் வெளியே நின்று ஜலகண்டேஸ்வரரை வேண்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் தடுக்கவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய இருவரையும் மறுக்க வரவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். என் தம்பிக்குப் பொறியியல் அரியர் தாள்கள் இருந்தன. புத்தகத்தைத் தொட்டாலே வயிற்றைப் பிசையும் என்பான். உடனே துப்பாக்கி விளையாட்டில் இறங்கிவிடுவான். பிசைவது நிற்கும், தாள்கள் அப்படியே இருக்கும். இரவு இரண்டு மணிக்குத் தோற்ற கோபத்தில் தூக்கமும் போகும். விளையாடாதே என்று நாங்கள் சொல்வது அவனுக்குத் தாளைவிடப் பெரிய பதற்றமாகிவிட்டது. இவனுக்கு விளையாட்டு மருந்தா, நோயா?

காட்பாடியிலிருந்து மனநலச் செவிலியர் ஒருவர்:

ராணிப்பேட்டை உறுப்பினர் கேட்டதற்கு என் பணி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரிடம் செய்வதற்கு வேலை இல்லை. உங்கள் தம்பியிடம் இருக்கிறது. அஞ்சும் செயலிலிருந்து விலகியதும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் விலகவே மனத்தைப் பழக்கும். பதற்ற நோய் வளர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆகவே விளையாட்டை ஒழிக்கச் சொல்லாதீர்கள், வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் வயிறு பிசைந்தாலும் பத்து நிமிடம் புத்தகம், பின்னர் விளையாட்டு. இரவில் போட்டி விளையாட்டு வேண்டாம். கட்டுப்பாடு கைமீறி, மற்ற வேலைகள் எல்லாம் பின்தள்ளப்பட்டு, அந்நிலை பொதுவாக ஓராண்டுக்குக் குறையாமல் நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை விளையாட்டுச் சீர்குலைவு என்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. உங்கள் தம்பிக்கு அந்தப் பெயரை அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள்.

பதற்றத்துக்கென்றே செய்த விளையாட்டு வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் மைண்ட்லைட் என்று ஒன்றை உருவாக்கினார்கள். குழந்தை தலையில் மாட்டியிருக்கும் கருவி மூளையலைகளை அளக்க, மனம் அமைதியடைய அடைய இருண்ட மாளிகையில் வெளிச்சம் கூடும். அருமையான யோசனை. ஆனால் 2016இல் வெளிவந்த ஆய்வில், கடையில் கிடைக்கும் சாதாரண விளையாட்டை ஆடிய குழந்தைகளுக்கும் பதற்றம் அதே அளவு குறைந்திருந்தது. அதனால் விலையுயர்ந்த கருவிக்காக யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை. தம்பிக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தோட்டப்பாளையத்து உறுப்பினர், மீண்டும்:

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வேகத்தை நாமே விரும்பிய அளவில் நிறுத்தி வைக்கக்கூடிய செயலியாகப் பாருங்கள், இணையத்தைத் துண்டித்துவிட்டால் பெரும்பாலான விளம்பரங்கள் வராது, ஒலியையும் அடக்கிவிடுங்கள். பெயர் கூப்பிடுவதைக் கேட்க ஒருவராவது விளையாடாமல் இருக்க வேண்டும்.