மல்டி-ஓமிக்ஸ்: 'பல்லியல்' வேண்டாம், 'பல்தொகை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

> மாநாட்டு நிரலில் மல்டி-ஓமிக்ஸுக்குப் 'பல்லியல்' என்று போட்டால் போதாதா? ஓமிக்ஸ் எல்லாம் இயல்தானே.

போதாது ஐயா. மல்டி-ஓமிக்ஸ் என்பது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்று உயிரியின் பல அடுக்குகளையும் முழுமையாக அளந்து சேர்த்துப் பார்ப்பது. பல்லியல் என்றால் பல் மருத்துவமா, பல்லி ஆராய்ச்சியா என்று கேட்பார்கள். அது கிடக்கட்டும், பொருளே இடிக்கிறது. ஒரு மரபணு தலைமுறை தலைமுறையாக எப்படிக் கடத்தப்படுகிறது என்று பார்ப்பது மரபியல். ஓர் உயிரியின் டி.என்.ஏ. முழுவதையும் சேர்த்துப் படிப்பது ஜீனோமிக்ஸ். நிரலில் இரண்டுக்கும் தனித்தனி அமர்வு இருக்கிறது. இரண்டுக்கும் 'இயல்' மட்டும் ஒட்டினால், வருகிறவர் எந்த அறைக்குப் போவார்?

ஓமிக்ஸ் என்ற ஒட்டின் உயிரே 'ஒன்றுவிடாமல்' என்பதில்தான் இருக்கிறது. அதற்கு நம்மிடம் 'தொகை' உண்டு. எட்டுத்தொகையை எல்லோரும் சொல்வீர்கள். எனக்கு அதைவிட மக்கள்தொகைதான் பொருத்தமாகப் படுகிறது. வீடு விடாமல் ஆளை எண்ணுகிற மாதிரி, ஒரு திசுவில் உள்ள புரதங்களை முடிந்தவரை விடாமல் அளப்பது புரோட்டியோமிக்ஸ். அப்படியானால் புரோட்டியோம் புரதத்தொகை, அதை ஆராய்வது புரதத்தொகையியல். பள்ளி மாணவருக்கும் புரியும்.

ஜீனோமுக்கு 'மரபணுத்தொகுதி' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வழக்கில் இருப்பதை மாற்ற எனக்கும் தயக்கம்தான். ஆனால் மனித டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி இணை எழுத்துகளில் புரதத்துக்கு நேரடியாகக் குறியீடு தரும் பகுதி 2 விழுக்காடுகூட இல்லை. ஜீனோம் என்பது மரபணுக்களின் மூட்டை மட்டுமல்ல. இடையில் கிடப்பதும் சேர்த்துத்தான். அதனால் 'மரபுத்தொகை' என்கிறேன். பரம்பரைச் சொத்துப் பணம் மாதிரி ஒலிக்கிறது என்பீர்கள். ஒலிக்கட்டும், பொருளும் கொஞ்சம் அதுதானே.

ஆங்கிலச் சொற்கள் மட்டும் என்ன தவமிருந்தா பிறந்தன? ஜீனோம் என்ற சொல்லை 1920-இல் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் உண்டாக்கினார். ஜீனோமிக்ஸ், 1986-இல் ஒரு புதிய ஆய்விதழுக்குப் பெயர் தேடிக் கொண்டிருந்தவர்கள் பீர் குடித்தபடி பேசியபோது தாமஸ் ரோடரிக் சொன்னது. புரோட்டியோம், 1994-இல் இத்தாலியின் சியேனாவில் நடந்த மாநாட்டில் மார்க் வில்கின்ஸ் என்ற ஆய்வு மாணவர் முன்வைத்தது. நாம் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லா இடத்திலும் 'தொகை' இதே அழகோடு ஒட்டவில்லை. டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.க்கள் மொத்தமும் டிரான்ஸ்கிரிப்டோம். அதற்கு முதலில் 'படித்தொகை' என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். பயணப்படி, பஞ்சப்படி வரிசையில் அதுவும் ஏதோ சம்பள பாக்கி! 'படியெடுப்புத்தொகை' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

இனி மல்டி. கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் மரபுத்தொகை ஏறக்குறைய ஒன்றேதான். எந்தப் பகுதி படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. ஆர்.என்.ஏ. நிறைய இருப்பதால் அதற்குரிய புரதமும் அதே விகிதத்தில் இருக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. அதனால்தான் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்று பல அடுக்குகளையும் அளந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள். 'கூட்டுத்தொகை' என்று ஒரு யோசனை வந்தது. கணக்கு வாத்தியார் விடமாட்டார். என் தேர்வு 'பல்தொகை ஆய்வு'. இங்கே 'இயல்' வேண்டாம், ஏனென்றால் இது தனித் துறை அல்ல, ஓர் அணுகுமுறை. புணர்ச்சி விதிப்படி 'பஃறொகை' என்று வரவேண்டும் என்று இலக்கண நண்பர் எழுதுவார், தெரியும். பஃறுளி ஆற்றோடு அந்த விதியை மதித்து நிறுத்திக்கொள்வோம். 'பல்துறை' என்றுதானே இன்று எல்லோரும் எழுதுகிறோம்?

'ஒற்றைச் செல் மல்டி-ஓமிக்ஸ்' அமர்வுக்கு 'ஒற்றைச் செல் பல்தொகை ஆய்வு' என்று போட்டுவிட்டேன். வளர்சிதைமாற்றத்தில் உருவாகிற, பயன்படுகிற சிறு மூலக்கூறுகள் மொத்தத்தையும் குறிக்கும் மெட்டபோலோம்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. 'வளர்சிதைமாற்றப் பொருள்தொகை' என்று எழுதினால் மேடைப் பதாகையில் இரண்டு வரி பிடிக்கும். 'வளர்சிதைத்தொகை' என்று சுருக்கினால் பொருள் கெடுமா? உயிர்வேதியியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.