மறு: ஏ.பி.எஸ்.: ‘எதிர்ப்பூட்டுத் தடை’ வேண்டாம், ‘உருள்காப்பு’ சரிப்படுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. எல்லா மடல்களையும் படித்துவிட்டே எழுதுகிறேன். பைக் ஓட்டுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரேக் பற்றிய அத்தியாயம், ஏ.பி.எஸ்.ஸுக்கு (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்: இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் ‘லாக்’ ஆகி, அதாவது சுழலாமல் நின்று, சறுக்காதபடி பார்த்துக்கொள்ளும் அமைப்பு) ஒரு தமிழ்ச்சொல் கிடைப்பதற்காகவே காத்திருக்கிறது. முதலில் கோவை நண்பரின் கேள்வி:

> பைக்கில் ஏ.பி.எஸ். தேவையா என்பதே சந்தேகம். பழகிய கைக்கு அது வேண்டாம், விலையைத்தான் ஏற்றுகிறது. இதற்கு ஒரு கலைச்சொல் வேறா?

தேவைதான். சொல்லப்போனால் காரைவிட பைக்குக்குத்தான் அதிகம் தேவை. காரில் சக்கரம் லாக் ஆனால் ஸ்டீயரிங் கேட்காது, வண்டி சறுக்கிக்கொண்டு போகும். ஆனாலும் நான்கு சக்கரத்தில் நிற்கும். பைக்கில் முன்சக்கரம் சுழல்வதை நிறுத்தினால் பக்கவாட்டுப் பிடி போய்விடுகிறது. ஹேண்டில் ஒரு பக்கம் மடங்கும், வண்டி படுத்துவிடும். இதற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. அதற்குள் லீவரைத் தளர்த்தி மறுபடி பிடிக்கும் திறமை பந்தயக்காரர்கள் சிலருக்கு, அவர்களுக்குப் பழக்கமான ஓடுபாதையில், இருக்கலாம். மழை தொடங்கிய சில நிமிடங்களில், எண்ணெய்ப் படலம் மிதக்கும் சாலையில், முன்னால் ஓர் ஆட்டோ சட்டென்று திரும்பும்போது எவ்வளவு பழகிய கையும் இறுக்கித்தான் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு, என்னைப் பொறுத்தவரை இதுவே பெரியது. “முன்பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே” என்று சொல்லிச் சொல்லியே நம் ஊரில் வண்டி பழக்குகிறார்கள். அந்தப் பயத்தில் வாழ்நாள் முழுக்கப் பின்பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுபவர்கள் ஏராளம். பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வருகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. 60 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் இரண்டையும் நன்றாகப் பிடித்தால் பிரேக் பட்ட இடத்திலிருந்து 17, 18 மீட்டரில் வண்டி நிற்கும். பின்பிரேக் மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். ஏ.பி.எஸ். இருந்தால் முன்பிரேக்கைப் பயமின்றிப் பிடிக்கலாம். அந்தத் துணிச்சலுக்கே அதன் விலை தகும் என்பேன்.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், ஏ.பி.எஸ். உள்ள பைக்குகளையும் அதே மாடலில் அது இல்லாதவற்றையும் ஒப்பிட்டது. உயிரிழப்பு விபத்து விகிதம் ஏ.பி.எஸ். வண்டிகளில் 37 சதவீதம் குறைவு என்று முந்தைய ஓர் ஆய்வில் கண்டது. பின்னர் வந்த ஆய்வுகளில் அது 31 ஆகவும் 22 ஆகவும் இறங்கியது. காசு கொடுத்து ஏ.பி.எஸ். வாங்குபவர் இயல்பிலேயே நிதானமானவராக இருக்கக்கூடும் என்ற மறுப்பு நியாயமானது. இருக்கட்டும், 22 என்றே கொள்வோம். ஒரு கிலோகூட இல்லாத ஒரு கருவிக்கு அது சின்ன எண் இல்லை. (1988-இல் பி.எம்.டபிள்யூ. கே 100-இல் வந்த, பைக்குகளுக்கான முதல் மின்னணு ஏ.பி.எஸ். 11 கிலோ இருந்தது.)

நம் நாட்டில் 2011-இல் ஓசூர் டி.வி.எஸ். அப்பாச்சியில் இது வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரலில் கட்டாயமானது. அப்புறம், ஏறக்குறைய எல்லாப் புது இருசக்கர வண்டிகளுக்கும் இதை விரிக்கும் வரைவு அறிவிப்பு 2025-இல் வெளியானது. அது நடைமுறைக்கு வந்தால், கிராமத்துப் பால்காரர் வண்டியிலும் ஏ.பி.எஸ்.ஸின் மஞ்சள் விளக்கு எரியும். அது என்ன விளக்கு என்று அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டாமா?

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘எதிர்ப்பூட்டுத் தடை அமைப்பு’ ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

தமிழாசிரியர் ஐயாவின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் ஒத்துப்போக முடியவில்லை. வண்டியோடு சேர்த்துப் ‘பூட்டு’ என்றால் நமக்கு நினைவு வருவது ஹேண்டில் பூட்டு, திருட்டுக்குப் போடும் சங்கிலிப் பூட்டு. ‘எதிர்ப்பூட்டு’ என்றால் பூட்டை உடைப்பவனைத் தடுக்கும் ஏதோ ஒன்று என்றுதான் முதலில் தோன்றும். ‘தடை’யோ அதைவிடச் சிக்கல். சாலையில் ‘வேகத்தடை’ என்றால் நாம் ஏறி இறங்கும் மேடு. நீதிமன்றத்தில் ‘தடை’ வேறு. ‘எதிர்ப்பூட்டுத் தடை’ என்பதை ‘எதிர்ப்பூட்டுக்கு விதித்த தடை’ என்று ஒருவர் வாசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘பிரேக்’ நம் சொல்லாகவே ஆகிவிட்டது. கையேட்டில் அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

‘பூட்டு’ என்பது ஆங்கிலம் பிடித்த வழி. ஏ.பி.எஸ். என்ற மூன்றெழுத்தின் மூலம் ஜெர்மன் பெயர். அதில் வருவது பூட்டில்லை, ‘அடைபட்டு நின்றுபோதல்’. சீனர்கள் ‘இறுகக் கட்டிக்கொண்டு அசைவற்றுப்போவதைத் தடுப்பது’ என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். அவரவர் கண்ணில் பட்டதைச் சொல்லாக்கியிருக்கிறார்கள். நாமும் கருவியைப் பார்த்தே வைப்போம்.

> ‘சறுக்காப் பிரேக்’. எளிமை, எல்லாருக்கும் புரியும்.

எளிமைதான், காதுக்கும் நன்றாக இருக்கிறது. இந்தச் சொல்லை எழுதிய தங்கையிடம் எனக்குள்ள மறுப்பு ஒன்றே ஒன்று: அது கருவியால் முடியாததை வாக்களிக்கிறது. வளைவில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு போகும்போது மணல் கிடந்தால் சாதாரண ஏ.பி.எஸ். காப்பாற்றாது, சாய்வை அளந்து அதற்கேற்ப வேலை செய்யும் வகை சில உயர்விலை வண்டிகளில்தான் இருக்கிறது. சரளைக்கல் பாதையிலோ நிற்கும் தூரம் கூடவும் செய்யும். லாக் ஆன சக்கரம் சரளையைக் குவித்து அதிலேயே புதைந்து நிற்கும். உருளும் சக்கரம் அதன் மேல் ஏறிப் போய்விடும். மலைப்பாதைக்கென்று வரும் வண்டிகள் சிலவற்றில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைத்துவைக்க ஒரு பொத்தான் இருப்பது இதனால்தான். ‘சறுக்காப் பிரேக்’ என்று நம்பிக் கொண்டைஊசி வளைவில் இறங்குபவனுக்கு அந்தச் சொல்லே ஆபத்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்படியானால் கருவி உண்மையில் செய்வது என்ன? சக்கரத்தோடு துளைகள் வெட்டிய ஒரு வளையம் சுழல்கிறது. பக்கத்தில் இருக்கும் உணரி, துளைகள் கடந்துபோகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தின் வேகம் வண்டியின் வேகத்துக்குப் பொருந்தாமல் சட்டென்று சரிந்தால், லாக் ஆகப்போகிறது என்று பொருள். உடனே ஒரு வால்வு திறந்து பிரேக் எண்ணெயின் அழுத்தம் குறைகிறது. சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தம் ஏறுகிறது. ஒரு விநாடிக்குள் இப்படிப் பலமுறை. லீவரில் இருக்கும் விரலுக்கு அது படபடவென்று துடிப்பாகத் தெரியும். கீழே ‘டர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். முதல்முறை அதை உணர்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள். பிடியை விடக்கூடாது, இன்னும் அழுத்த வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

ஆக, இது செய்வது ஒரே வேலை: பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தின் உருளலைக் காப்பது. நான் வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு தம்பி வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான்: “எவ்ளோ இறுக்கிப் புடிச்சாலும் சக்கரம் உருண்டுகிட்டே இருக்கும்ணே, அதுதான் ஏபிஎஸ்.” இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதிலிருந்துதான் ‘உருள்காப்பு’. முழுப்பெயர் ‘உருள்காப்பு பிரேக்’.

> ‘உருள்காப்பு’ வினைத்தொகை ஆகிவிடாதா? உருளுகின்ற காப்பு என்று பொருள் தருமே?

ஐயா முன்கூட்டியே எழுப்பிய இந்த ஐயம் சரியானது. ‘உருள்’ இங்கே பெயராக நிற்கிறது. உருளுதல் என்றும் கொள்ளலாம்; சக்கரம் என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு. உருளலைக் காப்பது, சக்கரத்தைக் காப்பது என எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடவில்லை. கையில் அணியும் காப்பை வண்டியின் பிரேக்கோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

கிளைச்சொற்கள் எளிதாக அமைகின்றன. முன்சக்கரத்துக்கு மட்டும் இருப்பது ‘முன் உருள்காப்பு’. இரண்டுக்கும் இருப்பதை ‘இருசக்கர உருள்காப்பு’ எனலாம் என்று பார்த்தேன். அது ‘இருசக்கர வண்டி’யோடு மோதுகிறது. எனவே ‘முழு உருள்காப்பு’. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் 150 சி.சி. வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டுமே இருக்கிறது. பின்சக்கரம் லாக் ஆகும் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். சாய்வை அளப்பது ‘சாய்வு உருள்காப்பு’. ‘சக்கர வேக உணரி’, ‘துளைவளையம்’, ‘அழுத்தச் சீராக்கி’ ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன்.

சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். கையேட்டிலிருந்து:

“சாவியைப் போட்டதும் உருள்காப்பு விளக்கு எரியும். வண்டி நகர்ந்து சற்று வேகம் பிடித்ததும் அணைந்துவிடும். அணையாவிட்டால் உருள்காப்பு வேலை செய்யவில்லை. பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். ஆனால் சக்கரம் லாக் ஆகலாம். மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.”

“உருள்காப்பு இருந்தாலும், வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள்.”

இந்த இரண்டிலும் ‘உருள்காப்பு’ வரும் இடத்தில் ‘எதிர்ப்பூட்டுத் தடை’யைப் போட்டு உரக்கப் படித்துப் பாருங்கள்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சிறிய வண்டிகளில், ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறதே, அந்த சி.பி.எஸ்.ஸுக்கு ‘இணைபிரேக்’ என்று போட்டுவைத்திருக்கிறேன். ‘துணைபிரேக்’ என்று தவறாகக் காதில் விழுமோ என்று ஒரு தயக்கம். ‘கூட்டு பிரேக்’ தேவலையா? மதுரை அண்ணன் கடைக்கு ஸ்கூட்டர்கள்தான் அதிகம் வரும் என்று முன்பு எழுதியிருந்தார். அங்கே அதை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று அண்ணன் எழுதினால், அந்தப் பத்தியையும் முடித்துவிடுவேன்.

அன்புடன்.