13 வயதுப் பெண் மனு கொடுக்கப் போனால், அது அவள் கருத்தா என் கருத்தா?

மேலத்தெரு கணேசன் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு, 13 வயது. அவள் பள்ளிக்குப் போகும் சாலையில் இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மதுக்கடை வந்தது. எங்களுடையது ஊராட்சி, ஊருக்கு அந்த ஒரு சாலைதான். போன திங்கட்கிழமை ஊர்ப் பெண்கள் வேன் பிடித்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு கொடுக்கப் போனார்கள், என் மனைவியும் போனாள். மகளும் அவள் தோழிகள் ஆறு பேரும் சீருடையோடு, கையில் சார்ட் அட்டையோடு அதே வேனில் ஏறியிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன், சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தபோதுதான் எனக்கே தெரியும்.

மறுநாள் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். "இந்த வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானாகத் தோன்றாது, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை. ஏனென்றால் என் அண்ணன் குடித்தே செத்தான், ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் வீட்டில் குடியைப் பற்றி நான் பேசாத வாரம் இல்லை. என் தங்கையும் அதையேதான் சொல்கிறாள், "நீ பேசிப் பேசி ஏற்றிவிட்ட, அவ போய் நிக்கிறா" என்று.

என் கோபத்தைத்தான் இந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு போய் நின்றதா? அடுத்த முறையும் போகிறேன் என்றால் விடுவதா, நிறுத்துவதா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

தில்லை ராமசாமி:

தம்பி, எனக்கு 74 வயது. 1965 சனவரியில் நான் சிதம்பரத்தில் ஒன்பதாம் வகுப்பு, வயது 13. என் கதையைச் சொல்கிறேன்.

சனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி ஆகப்போகிறது, அன்றைக்குத் துக்கநாள், கறுப்புக்கொடி ஏற்ற வேண்டும் என்று பேச்சு. கல்லூரி அண்ணன்மார் வந்து எங்கள் பள்ளிக்கூடத்து மணியை அடித்தார்கள், நாங்கள் வெளியே வந்தோம். உள்ளதைச் சொல்கிறேன், ஆங்கிலத்துக்கு அரசியல் சட்டம் கொடுத்த அந்தப் பதினைந்து வருடக் கெடு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அண்ணன்மார் சொன்ன கோஷத்தைத்தான் நானும் சொன்னேன். ஆனால் அன்று சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துணி அம்மாவின் கிழிந்த குடையிலிருந்து நானே வெட்டியது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் அப்பா கதர் கட்டிய காங்கிரஸ்காரர். அந்தத் துணியைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

27-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. அப்புறம் அப்பா என்னை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அவர் என் உயிருக்குப் பயந்தார், கட்சிக்காக இல்லை என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது.

அந்த வயதில் ரயில் நிலையப் பலகையில் தார் பூசுவது வீரம் என்று நினைத்தேன். பிற்பாடு வேலைக்காகப் பத்து வருடம் வடக்கே இருந்தேன், இந்தி பேசக் கற்றுக்கொண்டேன், அந்த மொழி மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் திணிப்பு கூடாது என்பதில் இன்றைக்கும் மாறவில்லை. 13 வயதில் பாதி புரிந்துதான் போனேன், மீதியைத் தேடிப் படித்ததே அன்றைக்குப் போனதால்தான். கருணாநிதி 1938-இல் திருவாரூரில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் நடத்தியபோது அவருக்கு 14 வயது, பட்டுக்கோட்டை அழகிரியின் மேடைப் பேச்சைக் கேட்டுக் கிளம்பியவர் என்றுதான் சொல்வார்கள். பிறர் பேச்சைக் கேட்டு வந்ததுதான், அதற்காக அது அவருடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? தொண்ணூறு தாண்டியும் அதையேதானே பேசினார்.

செல்வி டீச்சர்:

கணேசன் அண்ணா, நான் கொஞ்சம் எதிராகப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு தலைவர் வருகிறார் என்று எங்களைச் சாலை ஓரம் வரிசையாக நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணிக்கு நின்றோம், கார் வந்தபோது மதியம் ஒன்று. கையில் காகிதக் கொடி, வியர்வையில் அதன் சாயம் உள்ளங்கையில் ஒட்டி இரண்டு நாள் போகவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்ட கார் ஒன்று வேகமாகப் போனது, நாங்கள் கத்தினோம், கொடியை ஆட்டினோம். யார் வந்தார் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு எடுத்த படத்தை இன்று யாராவது பார்த்தால், எவ்வளவு ஆர்வமாக இருக்கிறது இந்தப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து அது பிள்ளையின் கருத்து என்று முடிவு கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரசாரத்தில் எந்த வகையிலும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவு போட்டதே, எதற்கு? அந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இன்னொரு பயமும் உண்டு. ஊரே பாராட்டிவிட்டால் அப்புறம் பிள்ளையால் பின்வாங்க முடியாது. "எனக்கு இதில் இப்போது ஆர்வம் இல்லை" என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் விட்டுவிடுவோம், 13 வயதுப் பிள்ளை சொன்னால் பயந்துவிட்டது என்போம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சார்ட்டில் என்ன எழுதியிருந்தாள்? பார்த்தீர்களா? பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகள் எழுதுவதைப் படிக்கிறேன். பெரியவர்கள் சொல்லி எழுதினால் "மது அரக்கனை ஒழிப்போம்" என்று வரும், கட்டுரை நோட்டில் வருகிற மாதிரி. தானாக எழுதினால் வேறு மாதிரி வரும்.

வக்கீல் குமாஸ்தா:

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. நான் சட்டப் பக்கமாக இரண்டு விஷயம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டெமாய்ன் என்று ஒரு ஊர். 1965 டிசம்பரில் வியட்நாம் போரை எதிர்த்து மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண்ணும் வேறு சில பிள்ளைகளும் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போனார்கள், பள்ளி சஸ்பெண்ட் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-இல் ஏழுக்கு இரண்டு என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. நம் கணேசன் சந்தேகம் அங்கேயும் வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா மெதடிஸ்ட் பாதிரியார், அமைதிக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பில் சம்பளம் வாங்கியவர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக் அந்தச் சம்பளத்தையே தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறார். வீட்டில் பேச்சு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் வளர்ந்து நர்ஸ் ஆகி, இந்த வயதிலும் பள்ளி பள்ளியாகப் போய் மாணவர் உரிமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பா ஏற்றிவிட்டது மட்டும் என்றால் இத்தனை வருடம் நிற்குமா?

நம் நாட்டில் 1986-இல் பிஜோ இமானுவேல் வழக்கு. கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள், அவர்கள் மதம் அப்படி. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மதம் அப்பா அம்மா கொடுத்ததுதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீதிபதி சின்னப்ப ரெட்டி பார்த்தது நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை இல்லை, உண்மையாக, மனசாட்சியோடு நம்புகிறார்களா என்பதைத்தான். பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அது மத நம்பிக்கை, இது மதுக்கடை, வேறு வேறுதான். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு தகவல். 2003 சில்லறை விற்பனை விதிகளின்படி பள்ளி, கோயிலில் இருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். உங்கள் ஊருக்கு 100. அளந்து பாருங்கள்.

தில்லை ராமசாமி:

டீச்சர் அம்மா, கொடி பிடிக்க நிறுத்திவைத்தது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரியவர்கள் கூட்டிப்போனாலே பிள்ளைக்குச் சொந்த உணர்வு இல்லை என்று ஆகிவிடாது. 1963 மே மாதம் அமெரிக்காவில் பர்மிங்காம் என்ற ஊரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் வகுப்பை விட்டு தேவாலயத்திலிருந்து ஊர்வலம் போனார்கள். ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் பெவல், பெரியவர்தான். மார்ட்டின் லூதர் கிங்கே முதலில் தயங்கினார், பிள்ளைகளை முன்னால் விட்டதை மால்கம் எக்ஸ் கண்டித்தார். நாயை விட்டார்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். கூட்டிப்போனது சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம், எனக்கே அதில் மனது ஒப்பவில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து சாப்பிட விடவில்லை, பூங்காவுக்குள் விடவில்லை என்ற வலியை பெவல் வந்தா அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்?

செல்வி டீச்சர்:

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. வலி அவர்களுடையது, அதை ஒத்துக்கொள்கிறேன். எந்த ஊர்வலத்தில், எந்த ஆபத்தில் நிறுத்துவது என்ற முடிவு மட்டும் பெரியவர்களுடையது, அதற்குப் பொறுப்பும் அவர்களே ஏற்க வேண்டும். மனு கொடுக்கப் போவதும் போலீஸ் தடி முன்னால் நிற்பதும் ஒன்றில்லை. கணேசன் அண்ணா, சார்ட் என்ன ஆனது?

மேலத்தெரு கணேசன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் கேட்ட பிறகுதான் சார்ட்டைத் தேடினேன், பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தாள். வாட்ஸ்அப் படத்தில் மடங்கி இருந்ததால் எழுத்து தெரியவில்லை. "மது அரக்கன்" எல்லாம் இல்லை. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் இப்படி இருக்கிறது: "பள்ளியிலிருந்து 140 மீட்டர். பஸ் ஸ்டாப்பிலிருந்து 9 மீட்டர்." அதற்குக் கீழே சின்னதாக, "நாங்கள் எங்கே நிற்பது?"

யார் அளந்தது என்று கேட்டேன். தோழியின் அப்பா கொத்தனார், அவருடைய முப்பது மீட்டர் டேப்பை வாங்கிக்கொண்டு போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேராகச் சேர்ந்து அளந்திருக்கிறார்கள். வக்கீல் சார் சொன்ன 100 மீட்டர் விதி அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "அதான்பா, பள்ளியை வெச்சுப் பேசினா நிக்காது, பஸ் ஸ்டாப்பை வெச்சுத்தான் பேசணும்" என்கிறாள். நான் இரண்டு மாதமாக அந்தச் சாலையில் தினமும் வண்டியில் போகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

பெரியப்பாவை நினைத்துத்தான் போனாயா என்று கேட்டேன், அதைக் கேட்காமல் தூக்கம் வராது போலிருந்தது. "பெரியப்பா முகம் எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லப்பா. நாலரைக்கு பஸ் வர்ற வரைக்கும் அங்கதான் நிக்கணும், அதுதான்" என்றாள். அப்போது அவளுக்கு 7 வயது, நான்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. எல்லாக் கடையையும் மூட வேண்டும் என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மூடினால் பக்கத்து ஊருக்குப் போவார்கள், ராத்திரி வண்டியில் விழுந்து வருவார்கள், இந்தக் கடையைத் தள்ளி வைத்தால் போதும் என்கிறாள். அரை மணி நேரம் சண்டை போட்டோம், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கு நாளை நானே போய்ப் பேசப்போகிறேன். இந்தத் திங்கட்கிழமை பெண்கள் மறுபடியும் போகிறார்கள். அவளுக்குக் கணக்குத் தேர்வு இருக்கிறது, வரவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அளந்த கணக்கை மட்டும் ஒரு தாளில் படம் போட்டு எழுதி, மனுவோடு சேர்த்துக் குத்தச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள்.