பழைய ஸ்பீக்கர் ஜோடி: பெட்டியைத் திறந்ததும் கண்ட கோளாறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கிற சிலர் பகிர்ந்த குறிப்புகள் இவை. ஒவ்வொன்றின் மேலும் இருப்பது சொன்னவரின் பகுதிப் பெயர்.

சூரமங்கலம்

பரணில் இருபது, முப்பது வருஷம் கிடந்த ஸ்பீக்கர் ஜோடியை இறக்கியதும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். வூஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பாதி நொறுங்கியிருந்தால் கோன் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்படியே ஓட்டினால் கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் மேக்னட் இடுக்கில் உரசி எனாமல் தேய்ந்துவிடும். ஃபோம் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை ரீகோன் (கோனையும் காயிலையும் புதிதாகப் போடுவது) வரைக்கும் போய் நிற்கும்.

முதலில் வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி விரலில் ஒட்டினாலோ, டீயில் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. பாலியூரிதேன் ஃபோமைக் காற்றிலிருக்கும் ஈரமே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் அழுகும். ரப்பர் வளையமும் துணி வளையமும் அதைவிடப் பல வருஷம் கூடுதலாக நிற்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். கிராஸ்ஓவரிலிருந்து (பேஸையும் உச்ச சத்தத்தையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) ஒரு வயரையாவது கழற்றிவிட்டு வூஃபரின் முனையில் நேராக வையுங்கள். 8 ஓம் வூஃபர் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் வூஃபர் 3 முதல் 3.5 வரை காட்டும். மீட்டர் சொல்வது டிசி தடை என்பதால் 8 வரவில்லையே என்று பதற வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் எரிந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி வளைந்து வளைந்து அறுந்திருக்கலாம். அதற்கு அதே மாதிரி பின்னல் கம்பிதான் போட வேண்டும். சாதா வயர் போட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் அறும்.

கடைசியாக 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று. பிளஸ்ஸில் பிளஸ்ஸைத் தொட்டால் கோன் வெளியே தள்ளும். பழைய ஜேபிஎல் வூஃபர்கள் இதற்கு நேர்மாறாக உள்ளே போகும், அது கோளாறு அல்ல. உச்ச சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை

ஃபோம் வாங்கும்போது "8 இன்ச்" என்று மட்டும் சொன்னால் தப்பான அளவுதான் வந்து சேரும். 8 இன்ச் என்பது இரும்புச் சட்டத்தின் அளவு. உள்ளே இருக்கும் கோன் 6 இன்ச் சுமாருக்குத்தான் இருக்கும். நாலு அளவு எடுங்க: கோனின் விட்டம், ஃபோமின் மேடு தொடங்குமிடம், மேடு முடியுமிடம், சட்டத்தில் ஒட்டும் விளிம்பின் வெளி விட்டம். எல்லாமே மில்லிமீட்டரில். பழைய ஃபோம் கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா அடியிலா, உள்விளிம்பு தட்டையா சரிவா என்பதையும் கழற்றுவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்து வைங்க.

சுரண்டும்போது வூஃபரை மல்லாக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்துங்க. இல்லாவிட்டால் ஃபோம் தூள் பின்பக்கமாக விழுந்து ஸ்பைடரில் (கோனின் அடியைத் தாங்கும் மடிப்புத் துணி) தங்கும். சட்டத்தின் மேலிருக்கும் அட்டை வளையத்தைத் தட்டைக் கத்தியால் பொறுமையாகக் கிளப்பி எடுத்து வைங்க, அது திரும்ப வேணும். மிச்சமிருக்கும் தார்ப் பிசினை ஐஸ்குச்சியால் வழித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைங்க. தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீங்க. பேப்பர் கோன் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் கெஃப் கம்பெனியின் பி110, பி200 வூஃபர் மாதிரி பெக்ஸ்ட்ரீன் கோன் பாலிஸ்டைரீன் வகை என்பதால் அசிட்டோன் பட்ட இடம் கரைந்து குழையும்.

இனி கோனை நடுவில் நிறுத்துவது. இந்த வேலை முழுக்க இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கு. 30 ஹெர்ட்ஸ் சத்தம் மெதுவாக ஓடவிட்டுக் காதால் கேட்டே நிறுத்துகிறவர்கள் உண்டு. முதல் தடவை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கோனின் நடுவில் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பைத் திறந்து, காயிலுக்கும் மேக்னட்டின் நடு இரும்புக்கும் இடையில் பட்டை வைத்துச் செய்வதுதான் பிசகாது. கேப்பை ஒட்டுப்பசைக்கு 2 மில்லிமீட்டர் மேலே புது பிளேடால் சுற்றிக் கீறி, ஒரு விரல்கடை அளவு வெட்டாமல் விட்டு மூடி போலத் திறங்க. பிளேடு உள்ளே நுழைந்ததும் மேக்னட் அதைப் பிடித்து இழுக்கும். கை தளர்வாக இருந்தால் அந்த இழுப்பிலேயே கோன் கிழியும். அதனால் பிளேடில் 5 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்க. இரும்புச் சாமணமும் ஆகாது, பித்தளையோ பிளாஸ்டிக்கோ போதும்.

பட்டைக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்லது. 10 மில்லிமீட்டர் அகலத்தில் நாலு துண்டு வெட்டி, கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் இறக்குங்க. லேசான பிடிப்போடு இறங்கணும். தொளதொளவென்று இருந்தால் இரண்டாக மடித்து வைங்க, இறுகினால் அடித்து இறக்காமல் மெல்லிய தாள் தேடுங்க.

பசை வெள்ளை ஃபெவிகால் போதும். சூப்பர் க்ளூ ஃபோம் ஓரத்தைக் கண்ணாடியாக்கிவிடும், பிறகு மடிகிற இடத்தில் வெடிக்கும். செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் போடும் மஞ்சள் ரப்பர் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், ஒரு மில்லிமீட்டர் நகர்த்தக்கூட நேரம் தராது. முதலில் கோன் பக்கம் மட்டும் ஒட்டுங்க. பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, ஃபோமை வைத்து, விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டே வாங்க. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மறுநாள்தான் சட்டத்தின் பக்கம். துணி கிளிப்பை எட்டு இடத்தில் போடலாம், ஆனால் ஒரே பக்கமாக ஆரம்பிக்காதீங்க. லாரி டயர் போல்ட் முடுக்குவது மாதிரி எதிர் எதிராகப் போடணும். இதுவும் காய்ந்த பிறகுதான் பட்டையை உருவணும்.

உருவியதும் பத்து விரலாலும் கோனைச் சமமாக அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்க. சத்தமே இல்லை என்றால் சரி. மணல் தேய்கிற மாதிரி 'கர்' என்றால் ஒன்று நடு தவறியிருக்கு, இல்லையென்றால் இடுக்கில் இரும்புத் தூள். தூளுக்கு அட்டைக் கீற்றில் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே தெரியச் சுற்றி இடுக்கில் ஒரு சுற்று ஓட்டினால் ஒட்டிக்கொண்டு வரும். எங்க ஏரியாவில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிங்க: அரமும் கிரைண்டரும் ஓடுகிற பட்டறை மேசையில் வூஃபரைத் திறக்கவே கூடாது.

ஏற்காடு

மேலே சொன்னதில் காயும் நேரத்தை மட்டும் மலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் இறங்கிய நாளில் ஃபெவிகால் ஒரு நாளில் காயாது, இரண்டு நாள் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை முழுதும் போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் நேர் எதிரான தொல்லை. முழு வட்டமும் தடவி முடிப்பதற்குள் ஆரம்பித்த இடத்தில் ஆடை கட்டிவிடும். அங்கே அரை வட்டமாகத் தடவுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு.

எஸ்டேட் பங்களாக்களில் கிடந்த பெட்டிகளில் ஃபோமைவிட மோசமானது துரு. நடு இரும்பில் துரு பூத்துப் புடைத்தால் காயில் இடைவெளி போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் உள்ளேயே தங்கும், ஆகவே டேப் முறைதான். பேப்பர் கோனில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் ஈரத்துணி போடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் கோன் நெளியும், வெனீரும் கிளம்பும். ஃபேன் ஓடும் அறையில் இரண்டு, மூன்று வாரம் வைப்பதே சரி.

இன்னொன்று: முன்பலகையில் காற்றுக் குழாய் உள்ள பெட்டியென்றால் டார்ச் அடித்துப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும். வூஃபரைக் கழற்றிய பிறகே அதை உடைத்து, குழாய் வாயைக் கீழே கவிழ்த்துக் கொட்டுங்கள். பாதி அடைத்த குழாயோடு ஓட்டினால் பெட்டியின் ட்யூனிங்கே மாறி பேஸ் கெட்டுப்போகும்.

குகை

திரும்பவும் ஃபோமே போட்டால் திரும்பவும் அழுகும் அல்லவா? ரப்பர் வளையம் போட்டால் என்ன?

செவ்வாய்ப்பேட்டை

காற்றுக் குழாய் இல்லாத மூடின பெட்டியாக இருந்தால் வேண்டாங்க. எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகைப் பெட்டியின் அடிப்படை ஒன்றுதான்: கோனைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று பார்க்கணும், வளையம் கூடிய மட்டும் தளர்வாக இருக்கணும். கனத்த ரப்பர் போட்டால் அந்தத் தளர்வு போய், ரெசனன்ஸ் (வூஃபர் இயல்பாக அதிரும் அலைவரிசை) மேலே ஏறி, அடி பேஸ் குறையும். அந்த மாடலுக்கென்றே வார்த்த மெல்லிய ரப்பர் கிடைத்தால் சரி.

சந்தேகம் வேண்டாம், அளந்தே பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயர் பிளஸ்ஸிலிருந்து 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, பெட்டியில் மாட்டாத வூஃபருக்குக் கொடுங்க. மீட்டரை 2 வோல்ட் ஏசியில் வூஃபர் முனைகளில் வைத்து, போனில் டோன் ஆப் ஒன்றில் 15 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்க. மீட்டர் எங்கே உச்சத்துக்குப் போகுதோ அதுதான் ரெசனன்ஸ். இரண்டு வூஃபரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் நிற்கணும். விலகினால் ஏதோ ஒன்றில் பசை மேட்டுக்குள் வழிந்து இறுகியிருக்கு.

அஸ்தம்பட்டி

கிராஸ்ஓவரைத் தொடுவதற்கு முன்னால் வயர் நிறத்தோடு ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். பல பெட்டிகளில் ட்வீட்டரின் பிளஸ்ஸும் மைனஸும் மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கும். அது வேண்டுமென்றே செய்தது. வூஃபரும் ட்வீட்டரும் சேரும் அலைவரிசையில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. அதைத் 'திருத்தி' வைத்துவிட்டு நடுக்குரல் பள்ளமாகிவிட்டது என்று தேடுகிறவர்கள் நிறைய.

கிராஸ்ஓவரில் இருக்கும் காயிலுக்கு வயதாகாது, விட்டுவிடுங்கள். போவது போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) இல்லாத, உள்ளே திரவம் ஊறிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். உள்ளே உலர்ந்து, அளவு விலகி, உள்தடை கூடி, ட்வீட்டர் மங்கிப் போகும். மாற்றுக்குச் சேலத்தில் அலைய வேண்டியதில்லை. எந்த எலக்ட்ரிக் கடையிலும் தொங்கும் சீலிங் ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி, பாலிப்ரொப்பிலீன் வகை. இரண்டை இணையாகக் கட்டினால் 5 மைக்ரோஃபாரட். 3.15ம் கிடைக்கும். மோட்டாருக்கான ரன் கண்டென்சரில் பெரிய அளவுகளும் உண்டு. ஸ்டார்ட் கண்டென்சர் மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதுவும் எலக்ட்ரோலிட்டிக்தான். பழையதில் எழுதியிருக்கும் அளவுக்கு 5 சதவீதத்துக்குள் வரட்டும், இரண்டு பெட்டிக்கும் ஒரே எண் வரட்டும். இடம்தான் கொஞ்சம் கூட அடைக்கும். பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்காவிட்டால் பேஸ் அதிர்வில் கடகடக்கும்.

புதியதில் உள்தடை மிகக் குறைவு என்பதால் ட்வீட்டர் சில சமயம் காதைக் குத்தும். 0.5 முதல் 1 ஓம் வரை, 5 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் பழைய குணம் வந்துவிடும். சாலிடருக்கு ரோசின் ஃப்ளக்ஸ்தான். ஆசிட் ஃப்ளக்ஸ் செம்பைத் தின்னும்.

பின்னால் இருக்கும் ட்ரெபிள் திருகு 'கரகர' என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது முறை முழுக்கத் திருப்புங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

அம்மாபேட்டை

முன்துணிக்கு ஒரு வார்த்தை. வாயருகே வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் அடுத்த பக்கம் வர வேண்டும். நெருக்கமாக நெய்த துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் ட்வீட்டரை மூடிவிடும்.

சூரமங்கலம்

மாட்டும்போது: திருகு ஓட்டை தொளதொளத்தால் ஃபெவிகாலில் தோய்த்த மூங்கில் சிலாம்பு இரண்டை அடித்துக் காயவிட்டு முடுக்குங்கள். திருப்புளி வழுக்கினால் மேக்னட் அதை நேராகக் கோனுக்கு இழுக்கும், அதனால் கோன் மேல் தடித்த அட்டை ஒன்றை வைத்துவிட்டு வேலை பாருங்கள். வூஃபருக்கு அடியில் 3 மில்லிமீட்டர் ஃபோம் டேப். சிலிகான் தடவுவதானால் வினிகர் வாடை வராத நியூட்ரல் வகை. மற்றதன் ஆவி செம்பையும் இரும்பையும் அரிக்கும். உள்ளே இருந்த பஞ்சையோ கண்ணாடி இழையையோ எடை போட்டு அதே அளவு திரும்ப வையுங்கள். கண்ணாடி இழைக்குக் கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

மூடின பெட்டியென்றால் வூஃபர் கோனை மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். நிதானமாக எழும்பி வந்தால் காற்று கசியவில்லை. சட்டென்று துள்ளி வந்தால் ஓரங்களில் ஊதுவத்திப் புகை காட்டி ஓட்டையைத் தேடுங்கள்.

கடைசியாக இரண்டு பெட்டியையும் ஒரு கை தூரத்தில் முகத்துக்கு முகம் வைத்து, மோனோவில் தவில் நன்றாக வரும் ஒரு பாட்டைப் போடுங்கள். தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் அடி கனமாக விழ வேண்டும். அடி மெலிந்து மறுபக்கமான வலந்தலை மட்டும் டங் டங்கென்று கேட்டால், ஒரு பெட்டியின் பின்னால் வயரை மாற்றிப் பாருங்கள்.