ஸ்வயம், கோர்ஸெரா, மலேசியா கிரெடிட்: இங்கே டிகிரியில் எது சேரும், எது சேராது?

கீழக்கரை லாத்தா
தங்கச்சி ராமநாதபுரத்துல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாவது செமஸ்டர். காலேஜ் தன்னாட்சி இல்லை, அழகப்பா பல்கலைக்கழக இணைப்பு. அஞ்சாவது செமஸ்டர் எலெக்டிவுக்கு (விருப்பப் பாடத்துக்கு) பதிலா, மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்துல ஒரு பாடம் படிக்கலாமான்னு கேக்குறா. கோர்ஸெராங்கிற தனியார் ஆன்லைன் தளத்தோட சர்ட்டிஃபிகேட் ரெண்டு ஏற்கெனவே கையில இருக்கு, அது கணக்குல வருமா? தம்பி விஷயம் வேற. மலேசியாவுல பிபிஏ ஒரு வருஷம், 36 கிரெடிட் முடிச்சிருக்கான். ஊருக்கே வந்துடலாம்னு நினைக்கிறான். நேரா ரெண்டாம் வருஷத்துல சேர முடியுமா? எதை முதல்ல செய்யணும்?

மண்டபம் கேம்ப்
முதலில் தங்கச்சி விஷயம். கிரெடிட்டை, அதாவது ஒரு பாடத்தின் படிப்பளவுக்கான புள்ளியை, கொடுப்பது ஸ்வயம் இல்லை, அவர் படிக்கும் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். ஆனால் அது உச்சவரம்பு மட்டுமே. எந்தப் பாடம், எதற்குப் பதிலாக என்பதைப் பல்கலைக்கழகம் ஏற்றிருக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் அகாடமிக் கவுன்சிலே முடிவு செய்துவிடும். இணைப்புக் கல்லூரியில் பிரின்சிபால் வாயால் "பண்ணும்மா" என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வரிசை இது. ஸ்வயம் பட்டியல் வந்ததும் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் வாரவாரிப் பாடத்திட்டத்தையும் கல்லூரி எலெக்டிவின் ஐந்து யூனிட்டையும் அருகருகே தாளில் எழுதி, துறைத்தலைவர் வழியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பாடக் குறியீடு, எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்த செமஸ்டரின் எந்தப் பேப்பருக்குப் பதில் என்ற நான்கும் பல்கலைக்கழகத்தின் பதில் கடிதத்தில் இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் தேர்வுக்குப் பணம் கட்டணும்.

கிரெடிட் எண்ணிக்கையில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஸ்வயத்தில் ஐஐடிகள் வழங்கும் பாடத் தொகுப்பான என்பிடெல்லில் 4 வாரம் என்றால் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. கல்லூரி எலெக்டிவ் 4 கிரெடிட் என்றால் 12 வாரப் பாடத்தில் ஒரு கிரெடிட் குறையும். கூடவே 4 வாரப் பாடம் ஒன்றைச் சேர்த்து ஈடுகட்டலாமா என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கோர் பேப்பராகப் படித்த விஷயத்தையே மறுபடி எடுத்தால் தள்ளிவிடுவார்கள்.

பாம்பன் காற்று
ஸ்வயத்தோட ஜூலை பருவம் வேண்டாம், ஜனவரி பருவம் எடுக்கச் சொல்லுங்க. ஜூலை பருவத் தேர்வு அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம்னு வரும். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை நேரம். காற்று கூடினா பாம்பன் பாலத்துல ரயிலையே நிறுத்திடுவாங்க. தேர்வு நகரத்தைப் பதிவு பண்ணும்போதே தேர்ந்தெடுக்கணும். மதுரை போட்டு, காலை 9 மணி அமர்வும் வந்தா, ராமநாதபுரத்துல இருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல. முந்தின நாளே கிளம்பிடணும். ஜனவரி பருவத்துக்குத் தேர்வு ஏப்ரல்லங்கிறதால அஞ்சாவது செமஸ்டர் தொடங்கும்போது சர்ட்டிஃபிகேட் கையில இருக்கும். ஒரு பருவம் முன்னாடியே முடிச்சதை அஞ்சாவது செமஸ்டர்ல ஏத்துக்குவாங்களாங்கிறதையும் கடிதத்துல வாங்கிடுங்க. கடைசி செமஸ்டர்ல மட்டும் வைக்கவே வேண்டாம். என்பிடெல் ரிசல்ட் தாமதமானா டிகிரியும் சேர்ந்து நிக்கும்.

பாடத்துல சேர்றது இலவசம். தேர்வுப் பதிவு தனி, பாடத்துக்கு 1000 ரூபாய். சேர்ந்தாச்சேன்னு இதை விட்டுடுறவங்க ஏராளம். மார்க் கணக்கு: அசைன்மென்ட் 25, தேர்வு 75. 12 வாரப் பாடத்துல நல்ல மார்க் வந்த 8 அசைன்மென்ட்டோட சராசரியைத்தான் எடுப்பாங்க. அசைன்மென்ட்ல 25க்கு 10, தேர்வுல 75க்கு 30, ரெண்டுமே தனித்தனியாத் தாண்டணும். 22ம் 28ம் வாங்கினா கூட்டினா 50, ஆனா சர்ட்டிஃபிகேட் கிடையாது. ஸ்வயத்துல இருக்கிற எல்லாப் பாடமும் என்பிடெல் இல்லை, மத்ததுக்குக் கணக்கு வேற. பாடத்தோட முதல் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க.

அடுத்து ஏபிசி ஐடி. வாங்கின கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற கணக்குக்கு (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) அரசோட டிஜிலாக்கர் வழியா எடுக்கிற 12 இலக்க எண். நம்ம ஊர் இனிஷியல்தான் இதுல எமன். ஆதார்ல "பாத்திமா சாகுல் ஹமீது"ன்னு விரிச்சுப் போட்டிருக்கும், காலேஜ் பதிவுல "எஸ். பாத்திமா", பிளஸ் டூ மார்க்‌ஷீட்ல "பாத்திமா எஸ்". மூணும் மூணு ஆளுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும். ஏபிசி ஆதார்ல இருக்கிற பேரைத்தான் எடுக்கும். ஸ்வயம் கணக்கு தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துடுங்க. ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்த முடியும், அதனால மார்க்‌ஷீட்டைப் பக்கத்துல வச்சுப் பார்த்து மாத்துங்க.

தொண்டி ரோடு
தம்பிக்கு: சேரலாம், ஆனால் உறுதி இல்லை. மலேசியாவில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. இங்கே தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரம். 36ஐ 40ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 48 வரும், ஆனால் அந்தக் கணக்கைக் கொண்டு போய்க் காட்டினால் எடுபடாது. பேப்பர் பேப்பராகத்தான் ஒப்பிடுவார்கள். மேனேஜ்மென்ட், அக்கவுண்டிங், எகனாமிக்ஸ் மாதிரிப் பாடங்களுக்குப் பெரும்பாலும் ஜோடி கிடைக்கும். அங்கே கட்டாயமாகப் படித்த எம்பியூ என்ற பொதுப் பாடங்கள், மலாய் மொழி உட்பட, இங்கே எதற்கும் ஈடாகாது. மறுபக்கம், இங்கே பகுதி ஒன்று தமிழ், பகுதி நான்கில் சுற்றுச்சூழல் படிப்பு போன்றவை அவர் டிரான்ஸ்கிரிப்டில் இருக்காது. இடம் கொடுத்தாலும் விட்டுப்போன பேப்பர்களை எழுதச் சொல்வார்கள். ரெண்டாம் வருஷப் பாடத்தோடு முதல் வருஷத் தமிழையும் சேர்த்து எழுதத் தயாராக இருக்கணும்.

அங்கிருந்து கிளம்பும் முன் வாங்க வேண்டியவை: பதிவாளர் முத்திரையோடு மூடிய உறையில் டிரான்ஸ்கிரிப்ட், கிரேடு அளவுகோல், ஒவ்வொரு பாடத்துக்கும் முழு கோர்ஸ் அவுட்லைன். அவுட்லைனில் விரிவுரை, டுடோரியல், சொந்தப் படிப்பு என்று மணி நேரம் பிரித்த அட்டவணை இருக்கும். ஒப்பிடுகிறவர் கண் முதலில் விரிவுரை மணி நேரத்துக்குத்தான் போகும். அந்தப் பக்கம் இல்லாத அவுட்லைன் வீண். இங்கே டிசியும் (மாற்றுச் சான்றிதழ்) மைக்ரேஷன் சான்றிதழும் கேட்பார்கள், அங்கே அப்படி ஒரு தாளே கிடையாது. படிப்பை விட்டதற்கான கடிதமும் நடத்தைக் கடிதமும் வாங்கி, அதையே டிசிக்குப் பதில் ஏற்கும்படி எழுதிக் கேளுங்கள்.

கீழக்கரை லாத்தா
அவன் அடுத்த வாரமே வித்ட்ரா ஃபார்ம் கொடுக்கப் போறான். கோர்ஸெராவைப் பத்தியும் யாராவது சொல்லுங்க.

தொண்டி ரோடு
ஃபார்மைக் கொடுக்க விடாதீங்க. முதலில் ஒரு செமஸ்டர் டிஃபர்மென்ட் (படிப்பைத் தள்ளிவைக்க அனுமதி) கேட்கட்டும். அப்போது ஸ்டூடண்ட் பாஸ் (படிப்புக்காக அங்கே தங்கும் அனுமதி) என்ன ஆகும் என்பதை இன்டர்நேஷனல் ஆபீஸில் விசாரித்துக்கொள்ளட்டும். ஸ்கேன் காப்பிகளை வைத்து இங்கே பல்கலைக்கழகத்தில், அங்கே படித்த பாடங்களுக்கு ஈடு கேட்டு விண்ணப்பியுங்கள். எத்தனை பேப்பருக்கு விலக்கு, எத்தனை எழுதணும் என்று எழுத்தில் வந்த பிறகு வித்ட்ரா பண்ணலாம். பதிலில் விலக்கு ரொம்பக் குறைவாக இருந்தால், அங்கேயே முடிப்பது லாபமா என்று அப்போது யோசிக்கலாம்.

மண்டபம் கேம்ப்
கோர்ஸெரா ஸ்வயத்தில் சேர்ந்ததில்லை. மாணவர் தானாக ஏபிசியில் எதையும் ஏற்ற முடியாது, நிறுவனம்தான் ஏற்றும். பல்கலைக்கழகமே முன்கூட்டி ஏற்ற பாடமாக இருந்தால் ஒழிய, முடித்துவிட்டு வந்து கேட்டால் கிடைக்காது. பயோடேட்டாவில் போடட்டும். இன்டர்ன்ஷிப் கேட்கும்போது உதவும்.