பல்கலைக்கழக ஆட்கள் பத்திரிகையில் எழுதுவதை வாசித்து நடந்த கதை உண்டா? பகிருங்கள்

முரசுமோட்டையான்:
சித்தப்பா, நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி பற்றி வந்த கட்டுரையைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டே வயலுக்கு வந்தார். காலபோகம் (மாரி மழையோடு செய்யும் போகம்), பயிர் குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளியே வராத நேரம். பூச்சியின் விஞ்ஞானப் பெயர், வாழ்க்கை வட்டம் எல்லாம் கட்டுரையில் இருந்தது. அவர் குனிந்து ஒரு பயிரின் அடியில் தட்டினார். கபில நிறப் பூச்சிகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. "இது அடியில இருக்குது எண்டு எந்தப் பந்தியில கிடக்கு, காட்டு பாப்பம்?" வரம்பில் நின்று தேடினேன். கடைசிப் பந்திக்கு முதல் பந்தியில், "தண்டின் அடிப்பகுதியில் சாற்றை உறிஞ்சும்" என்று இருந்தது. அப்ப மேலால் அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது என்று மட்டும் எங்கும் இல்லை. சித்தப்பா முதல் நாளே மேலால் அடித்து முடித்திருந்தார்.

பெயர்வேண்டாம்_விரிவுரையாளர்:
எழுதுபவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். யூரியா கூடினால் அறக்கொட்டி கூடும், கண்டபடி மருந்து அடித்தால் அதைத் தின்னும் சிலந்தி செத்து அது இன்னும் பெருகும் என்று நானும் எழுதி அனுப்பினேன். அந்தப் பந்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கோட் போட்ட படம். பரந்தனில் தேநீர்க் கடையில் ஒரு ஐயா பேப்பரைத் தூக்கிக் காட்டி, "சேர், நல்ல வடிவா இருக்கிறியள்" என்றார். கட்டுரை பற்றி ஒரு சொல் இல்லை.

செட்டிகுளம்77:
பூச்சியை விடுங்கள், தண்ணீர்க் கதை இதைவிட மோசம். எங்கள் பக்கம் கமக்காரருக்கு வரும் சிறுநீரக நோய் பற்றி ஒரு மருத்துவப் பேராசிரியர் எழுதியிருந்தார். காரணம் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலதையும் ஆராய்கிறார்கள் என்று நேர்மையாகத்தான் எழுதினார். அம்மா வாசித்து முடித்துவிட்டு, "அப்ப கொதிக்க வைச்சே குடிப்பம்" என்று பெரிய பானையை அடுப்பில் ஏற்றினா. கொதித்தால் கிருமி சாகும். புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

ஓய்வு_போதனாசிரியர்:
எனக்குச் சொந்தக் கதை பெரிதாக இல்லை. வயலில் கட்டுரையோடு வந்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான். விரிவுரையாளர் தம்பி குறை நினைக்கக்கூடாது. ஆசிரியர் வெட்டுவார் என்று தெரிந்தால் வேண்டியதை முதல் பந்தியில் வையுங்கோ; வெட்டு அனேகமாக வாலில்தான் விழும். அடுத்தது காலம். யூரியாவைக் குறை என்று பயிர் குடலையில் நிற்கும்போது எழுதி என்ன பயன்? காலபோகத்துக்கு விதைக்க முன்னம் வரவேண்டும். அனுப்ப முதல் ஒரு கமக்காரருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கோ. அவர் இடையில் வெற்றிலை மடிக்கத் தொடங்கினால் அந்தப் பந்தியை நீங்களே எடுத்துவிடலாம். முரசுமோட்டைத் தம்பி, வயல் தண்ணீரைச் சில நாள் வடிய விட்டு, நொசிலை (மருந்து பீச்சும் முனையை) அடித்தண்டுக்குப் பிடிக்கச் சொல்லுங்கோ.

முரசுமோட்டையான்:
ஐயா, அது போன வருசக் கதை.

விசுவமடு_பெடியன்:
அந்த அறக்கொட்டிக் கட்டுரை ஆரிட்டையாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கோ. எங்கட வயலும் வட்டம் வட்டமாகக் காயத் தொடங்கிவிட்டது.