செக்கு எண்ணெய்க்கு மாறினால் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டாமா?

மாடிவீடு:
அண்ணனுக்கு 46 வயது. சர்க்கரை, புகை, குடி எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 290, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 154. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எழுதியிருக்கிறார். "செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினாலே இறங்கிவிடும், மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது" என்று வீட்டில் தடுக்கிறார்கள். முட்டையை நிறுத்தியாயிற்று. என்ன செய்வது?

ஆய்வகம்:
முதலில் ரிப்போர்ட்டைச் சரியாகப் படித்துவிடுவோம். அந்த 154 அநேகமாக நேராக அளந்ததில்லை, கணக்குப் போட்டது: 248-இல் 36-ஐக் கழித்து, 290-ஐ ஐந்தால் வகுத்து வரும் 58-ஐயும் கழித்தால் 154. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது, எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். இவருக்கு நான் பார்ப்பது வேறொரு எண். மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்தால் 212. ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு முழுவதும் அதில் அடக்கம். எல்டிஎல் 100-க்குள் வேண்டுமென்றால் இது 130-க்குள் வர வேண்டும்.

டிரைகிளிசரைடு ஏறி ஹெச்டிஎல் இறங்கியிருப்பது நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் ஜோடி. எண்ணெயைவிட அரிசி, சர்க்கரை, தொப்பை இவைதான் அதற்குப் பெரிய காரணம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) இரண்டும் பார்த்தாயிற்றா? தைராய்டு குறைந்திருந்தால் அதுவே எல்டிஎல்லை ஏற்றும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் (அடோர்வாஸ்டாட்டின் வகை மாத்திரை) கொடுத்தால் தசை வலியும் எளிதில் வரும். அப்பாவுக்கு 55-க்கு முன்பே வந்திருப்பதால் லிப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புத் துகள்) பரிசோதனையையும் வாழ்நாளில் ஒரு தடவை செய்துவிடச் சொல்லுங்கள்.

அடுப்படிக் கணக்கு:
செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்புதான். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலையெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுப்பது மந்தமாகிறது. ஆகவே வீட்டில் சொல்லும் மாற்றம் எல்டிஎல்லை ஏற்றத்தான் செய்யும். பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதில் விசேஷம் எதுவுமில்லை, தாவர எண்ணெய் எதிலுமே அது கிடையாது.

வகையைவிட அளவைப் பிடியுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் தலைக்குத் தினம் 40 மில்லிக்கு மேல் போகிறது. தலைக்கு மாதம் அரை லிட்டர், அதாவது மொத்தம் 2 லிட்டரில் நிறுத்தப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் 2 லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டால் கை தானாக அடங்கும். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டாம்.

முட்டையைப் பழி சொல்லத் தேவையில்லை. இரவு ஆறு இட்லி என்றால் மூன்றாக்கி, ஒரு கப் சுண்டல் சேர்க்கலாம். மத்தி, அயிலை வாரம் இரண்டு நாள், குழம்பாக. பொரித்தால் எண்ணெய்க் கணக்கு மீண்டும் ஏறிவிடும். இசப்கோல் (நார்ச்சத்துள்ள உமி) இரண்டு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மாடிவீடு:
அப்படியானால் சாப்பாட்டை மாற்றி மூன்று மாதம் பார்க்கலாமா? மாத்திரையால் கால் வலி வரும் என்கிறார்களே.

மருந்துச்சீட்டு:
சாப்பாட்டை ஒழுங்காக மாற்றினால் எல்டிஎல் 10–15 சதவீதம் இறங்கலாம். 154 என்பது 130-ஐ ஒட்டி வரும். அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 35 சதவீதத்துக்கு மேல் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் 100-க்கு நன்றாகவே கீழே போகும். அப்பாவின் கதை தெரிந்த பிறகு மாத்திரையைத் தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன்.

விட முடியாது என்பது போதைப் பழக்கம் போன்றதல்ல. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், செய்துகொள்கிறது, மாத்திரை அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே திரும்பும். "நார்மல் வந்துவிட்டது" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

காலையோ இரவோ, தினமும் ஒரே நேரம் போதும். 6 முதல் 12 வாரத்துக்குள் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையைத் திரும்ப எடுங்கள். லேசான வலிக்குத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி சிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கலாம். 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினால் வந்ததாகச் சொன்ன தொந்தரவில் சுமார் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலும் வந்தது. ஆனால் தொடை, தோள் இரண்டு பக்கமும் கடுமையாக வலித்து, சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எழுதும் டாக்டரிடம் ஸ்டாட்டின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆய்வகம்:
ஒன்று விட்டுப்போயிற்று. அதே அப்பாவுக்குப் பிறந்த நீங்களும் இன்னும் லிப்பிட் பார்க்கவில்லை என்றால் அண்ணனோடு போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள். 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம்.